உப்பு இருக்கா?

சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டில் ஏறும்வரை எல்லோரும் பேசினார்கள். முந்தின நாள் ஆட்டத்தில் கோல் போட்டது யார், எவன் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, எவன் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனாள் என்று ஒரே சந்தைக்கடை இரைச்சல். கூண்டு இறங்கத் தொடங்கியதும் ஒவ்வொரு வாயாக மூடிக்கொண்டது. பயம் என்று நினைக்க வேண்டாம். வாயைத் திறந்தால் உள்ளே போகிற காற்று சுட்டது, அவ்வளவுதான்.

ஐஸ்காரருக்கு இந்த ஆழம் புதிது. மேல் அடுக்கில் பல வருடம் கரி வெட்டியவர். முட்டி தேய்ந்து, இனிக் குனிந்து வெட்ட முடியாது என்று ஆன பிறகு அவரைக் குளிர் அறைக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். சுரங்கத்துக்குள் வெயில் கிடையாதுதான். ஆனால் ஆழம் போகப் போகப் பாறையே சுடும். எங்கிருந்தோ தண்ணீர் கசிந்து காற்றெல்லாம் ஈரமாக இருக்கும், உடம்பில் வடிகிற வியர்வை காயவே காயாது. அந்தச் சூடு தலைக்கேறி விழுகிறவனைத் தூக்கிவந்து போட ஓர் இரும்பு அறை. குழாயில் குளிர்காற்று வரும். ஒரு பெட்டி நிறைய ஐஸ், நனைத்த போர்வைகள், வார்ப்பட்டை தைத்த ஸ்ட்ரெச்சர். அந்த அறைக்கு அவர்தான் ராஜா, அவர்தான் சிப்பாய்.

"ஐஸ் வைக்கறதுக்கே சம்பளம் வாங்குற ஒரே ஆளு நீங்கதாண்ணே" என்று கூண்டில் ஒருவன் மெல்லச் சொன்னான்.

"உனக்கு வைக்கற நாளும் வரும்டா. அப்ப சிரி."

அவர் இந்த அடியாழத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கி வந்தது மச்சானுக்காக. மனைவியின் தம்பி. நல்ல உழைப்பாளி, நல்ல முரடன். காய்ச்சலில் வாரக்கணக்காகப் படுத்துக் கிடந்துவிட்டு இப்போதுதான் எழுந்திருக்கிறான். சூட்டில் வேலை செய்கிற உடம்பு கொஞ்ச நாள் சூட்டை விட்டு விலகியிருந்தால் பழக்கம் விட்டுப்போகும். திரும்பி வருகிறவனுக்கு முதல் சில நாள் பாதி வேலைதான் கொடுக்க வேண்டும். சுரங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. ஆனால் அவன் திரும்பி வந்த அன்றே அடியாழத்து மேஸ்திரி அவனை முழு ஷிஃப்டுக்கு, கரி வெட்டுகிற வெட்டுமுகத்தில் இறக்கிவிட்டார்.

காலையில் செருப்பு மாட்டும்போது மனைவி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குக் கூடப் பொறந்தது அவன் ஒருத்தன்தான். அவன் சொன்ன பேச்சு கேக்க மாட்டான், தெரியுமில்ல? அடிச்சு இழுத்துட்டு வந்தாலும் சரி. கை கால் ஒடஞ்சாலும் பரவால்ல. உயிரோட மேல வரணும்."

"சரி, விடு."

"சரின்னா போதாது. என் தலையில கை வச்சு சொல்லுங்க."

வைத்துச் சொன்னார். வைத்த கையை அவள் கொஞ்ச நேரம் விடவில்லை.

மேஸ்திரி குளிர் அறை வாசலிலேயே நின்றிருந்தார். கட்டையான ஆள். முன்பற்கள் இரண்டு இல்லாததால் பேசும்போது வார்த்தையோடு சேர்ந்து காற்றும் வந்தது. கையில் ஒரு கடப்பாரை. வேலைக்காக அல்ல, சும்மா வைத்துக்கொண்டிருப்பார் போல.

"யோவ், நீதான் புது ஐஸா? இங்க ரொம்பக் குளிர் காட்டாத. அப்புறம் ஒருத்தனும் வெட்ட வர மாட்டான். எல்லாப் பயலும் இங்கதான் வந்து படுத்துக்குவான்."

ஐஸ்காரர் வெட்டுமுகத்துக்குப் போகிற வழியின் சுவரைப் பார்த்தார். வெப்பத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாய் மாட்டியிருக்க வேண்டிய ஆணி வெறுமனே இருந்தது. அடியில் ஈரத்துணி சுற்றிய குழாய் அது. சிவப்புக் கோட்டைத் தாண்டினால் எல்லோரையும் வெளியேற்ற வேண்டும்.

"தெர்மாமீட்டர் எங்க மேஸ்திரி?"

"ஃபேன் பக்கத்துல மாட்டியிருக்கு."

"ஃபேன் பக்கத்துல மாட்டினா ஃபேன் காத்தோட குளிர்ச்சியைத்தான் காட்டும். ஆளுங்க வேலை செய்யற எடத்துலதானே மாட்டணும்?"

"பாரு, வந்த உடனே சட்டம் பேசுறான்" என்று மேஸ்திரி சிரித்தார். பற்களின் சந்தில் காற்று சீட்டியடித்தது. "உன் வேலை ஐஸைப் பாத்துக்கறது. அதைப் பாரு."

ஐஸ்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மச்சானை நினைத்து விழுங்கிக்கொண்டார்.

சுரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கேட்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. சூட்டில் சாகப்போகிறவனுக்குப் பெரும்பாலும் முதலில் வியர்வை நின்றுவிடும். தோல் காய்ந்து கொதிக்கும். பிறகு புத்தி பேதலிக்கும். தன்னைத்தானே கவனித்துக்கொள்ள அவனால் முடியாது, ஏனென்றால் கவனிக்க வேண்டிய புத்தியே அவனிடம் இருக்காது. அதனால் ஆளுக்கு ஒரு ஜோடி. அவ்வப்போது ஜோடியின் பின்கழுத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். தொட்டால் மட்டும் போதாது. தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டவன் கழுத்தும் ஈரமாகத்தான் இருக்கும். எனவே தொட்ட விரலை நாக்கில் வைக்க வேண்டும். உப்புக் கரித்தால் வியர்வை. கரிக்காவிட்டால் வெறும் தண்ணீர், ஆள் காய்ந்துவிட்டான்.

"காய்ஞ்சுட்டான்!" என்று ஒருவன் கத்தினால் மற்றவர்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும். காய்ந்தவன் சும்மா வர மாட்டான். கடிப்பான், உதைப்பான், மண்வெட்டியை வீசுவான். 'நான் நல்லாத்தான் இருக்கேன், விடுங்கடா' என்று பெற்ற பிள்ளைமேல் சத்தியம் செய்வான். அதைக் காதில் வாங்கவே கூடாது. கட்டித் தூக்கிக்கொண்டு போய் ஐஸில் போட வேண்டும். ஸ்ட்ரெச்சரில் வார்ப்பட்டை இருப்பது அதற்குத்தான்.

கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கும்போது குரல் கொடுப்பார்கள். "உப்பு?" என்று ஒருவன் கேட்க, "இருக்கு" என்று அவன் ஜோடி சொல்ல வேண்டும். பதில் வராவிட்டாலோ குழறி வந்தாலோ கேட்டவன் நேரில் வந்து தொட்டுப் பார்ப்பான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது மேலடுக்கிலும் சரி, கீழடுக்கிலும் சரி, மூச்சு விடுவது மாதிரி பழகிப்போன காரியம். தூக்கத்தில் கேட்டால்கூட 'இருக்கு' என்று சொல்கிற ஆட்கள் உண்டு. வீட்டுக்காரிகள் இதை வைத்துக் கேலி செய்வார்கள்.

தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு ஐஸ்காரர் வெட்டுமுகத்துக்குப் போனார். கூரை தாழ்வு. முட்டி ஒவ்வோர் எட்டுக்கும் முனகியது. கரித்தூளும் எண்ணெயும் நெடுநாள் வியர்வையும் கலந்த வாடை. மச்சான் சட்டை இல்லாமல் குனிந்து கரியை வாரிக்கொண்டிருந்தான்.

"என்ன மாமா, அக்கா உளவு பாக்க அனுப்பிச்சாளா?"

"வாயை மூடிட்டுத் தண்ணியக் குடி."

பின்கழுத்தைத் தொட்டு விரலை நாக்கில் வைத்தார். நன்றாகக் கரித்தது. மனசு கொஞ்சம் ஆறியது.

அப்போது குரல் கொடுக்கும் முறை வந்தது. இருட்டில் அங்கங்கே ஒரு விளக்கு, ஒரு குரல்.

"உப்பு?" "இருக்கு."

"உப்பு?" "இருக்குடா, இருக்கு."

"உப்பு?" "இருக்கு."

ஜோடிகள் எல்லாம் முடிந்தன.

"உப்பு?"

இடப்பக்கத்திலிருந்து வந்தது அது. கம்மிப்போன, வறண்ட குரல். யாரும் பதில் சொல்லவில்லை. ஒருவன் மண்வெட்டியைச் சத்தமாகக் கரியில் குத்தினான். இன்னொருவன் இருமினான்.

"உப்பு?"

யாருடைய ஜோடியோ தூங்குகிறான் போல என்று ஐஸ்காரர் நினைத்தார். நினைத்தாரா என்பதும் சந்தேகம்தான். வாய் தானாகத் திறந்தது.

"இருக்கு."

மண்வெட்டிகள் நின்றன.

எல்லா விளக்குகளும் அவர் முகத்தின்மேல் திரும்பின. மச்சான் அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

"யாரைக் கேட்டு மாமா பதில் சொன்னீங்க?"

இடப்பக்கம் விளக்கைத் திருப்பினார். அங்கே ஆள் இல்லை. ஒரு முட்டுச்சந்து. அதன் வாயைக் குறுக்குப் பலகைகள் அடித்து மூடியிருந்தார்கள். ஆணிகள் துருவேறிச் சிவந்திருந்தன. பலகைக்கு அப்பால், இரும்பு ஹெல்மெட் கூரைப் பாறையில் உரசுகிற சத்தம். சர்ர்ர். கொஞ்சம் நின்று மறுபடி, சர்ர்ர். ரொம்ப உயரமான ஆள் தாழ்ந்த கூரைக்குக் கீழே நடந்தால் வருகிற சத்தம்.

பம்ப்காரர்தான் அவரைத் தனியே இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னார். கசிகிற தண்ணீரை இறைக்கும் மோட்டார் அவர் பொறுப்பு. மோட்டார் இரைச்சலில் காதோடு காதாகச் சொன்னார்.

"நெட்டைன்னு ஒருத்தன் இருந்தான். கூரை இடிக்கும், குனிஞ்சேதான் நடப்பான். ஒருநாள் அவன் ஜோடியை மேஸ்திரி வேற வேலைக்கு அனுப்பிட்டார். தனியா விட்டுட்டாங்க. தொட்டுப் பாக்க ஆள் இல்ல. அவன் பாட்டுக்குக் காய்ஞ்சுட்டான். வெறி பிடிச்சு மண்வெட்டியால மேஸ்திரி வாயிலயே ஒண்ணு வச்சான். பல்லு போனது அப்பத்தான்."

"அப்புறம்?"

"ஐஸ்லதானே போடணும்? மேஸ்திரி கோவத்துல அவனை அந்தச் சந்துல தள்ளச் சொன்னார். காத்தே போகாத சந்து அது. பலகை அடிச்சாங்க. 'கொஞ்சம் ஆறட்டும்'னார். ஷிஃப்ட் முடியற வரைக்கும் அவன் உள்ள இருந்து இடிச்சான். 'உப்பு? உப்பு?'ன்னு கேட்டான். ஜோடியைத் தேடியிருக்கான், பாவம். யாரும் பதில் சொல்லல." பம்ப்காரர் மோட்டாரைக் காட்டினார். "நான் மோட்டாரை இன்னும் கொஞ்சம் வேகமா ஓட விட்டேன். கேக்கக் கூடாதுன்னு."

"தூக்கும்போது?"

"வெரல்ல நகம் ஒண்ணும் இல்ல. பலகையில இருந்துச்சு. பொணம் அவ்வளவு சூடு, தொட்டவன் கையெல்லாம் கொப்பளிச்சுப் போச்சு. தானா ஓடிப் போய் விழுந்தான்னு ஆபீஸ்ல சொல்லிட்டு, சந்தை மறுபடி பலகை அடிச்சு மூடிட்டாங்க. அதுல இருந்து அவன் கேக்கறான். நாங்க யாரும் வாயத் தொறக்கறதில்ல." அவர் ஐஸ்காரரின் கண்ணைப் பார்க்காமல் முடித்தார். "நீங்க சொல்லிட்டீங்க. இனிமே நீங்கதான் அவனுக்கு ஜோடி."

"சும்மா பயமுறுத்தாதீங்க" என்றார் ஐஸ்காரர்.

குளிர் அறைக்குத் திரும்பி உட்கார்ந்தார். ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்து மூடினார். போர்வையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அறைக்குள் குளிர்காற்று வந்துகொண்டே இருந்தது. ஆனாலும் பின்கழுத்தில் ஓர் இடம் மட்டும் சுட்டது.

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் காற்றுக்குழாய் கிழிந்தது.

வெட்டுமுகத்துக்குக் காற்றுக் கொண்டுபோகிற பெரிய துணிக்குழாய் அது. எங்கோ பாறை முனையில் மாட்டிக் கிழிந்து, காற்றெல்லாம் வழியிலேயே வீணாகியது. ஐஸ்காரர் ஃபேன் அருகில் மாட்டியிருந்த தெர்மாமீட்டரைப் பிடுங்கிக்கொண்டு நொண்டி நொண்டி ஓடினார். வெட்டுமுகத்தில் நிறுத்திப் பிடித்தபோது அது சிவப்புக் கோட்டைத் தாண்டி மேலே போய்க்கொண்டே இருந்தது. காற்று அசையவில்லை. மூச்சை இழுத்தால் வெந்நீரை இழுத்தது போல இருந்தது. ஆட்கள் வாயைப் பிளந்துகொண்டு, கண் சொருகி, கை மட்டும் அசைய நின்றிருந்தார்கள்.

"எல்லாரும் வெளிய வாங்க! சிவப்பைத் தாண்டிருச்சு!"

"ஒருத்தனும் நகரக் கூடாது!" மேஸ்திரி இருட்டிலிருந்து வந்தார். "இந்த வெட்டு முடிஞ்சாத்தான் கூண்டு. யாருய்யா இவனை இங்க விட்டது?"

மச்சான் சிரித்துக்கொண்டிருந்தான்.

சுவரைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தான். கையில் மண்வெட்டி. முகம் செக்கச் சிவந்திருந்தது. அவன் ஜோடி காலடியில் மயங்கிக் கிடந்தான், அது அவனுக்குத் தெரிந்த மாதிரியே இல்லை. ஐஸ்காரர் பாய்ந்து மச்சானின் கழுத்தைத் தொட்டார். ஈரம். விரலை நாக்கில் வைத்தார்.

ஒன்றும் இல்லை. பச்சைத் தண்ணீர்.

"காய்ஞ்சுட்டான்!"

"காயல, ஒரு மண்ணும் இல்ல. இப்பத்தான் ஒரு வாளி ஊத்தினேன், ஈரமாத்தான் இருக்கான்" என்றார் மேஸ்திரி.

"நீங்க ஊத்தின தண்ணிதான் அது! உப்பு இல்ல! காய்ஞ்சுட்டான்! ஓடி வாங்கடா!"

யாரும் வரவில்லை. சிலருக்கு நிற்கவே தெம்பில்லை. தெம்பு இருந்தவர்கள் கடப்பாரையைப் பார்த்தார்கள்.

மச்சான் திரும்பினான். அவன் கண்ணில் மாமாவைத் தெரிந்த அடையாளமே இல்லை. மண்வெட்டியை இரண்டு கையாலும் தூக்கி வீசினான். ஐஸ்காரர் குனிந்தார். அது அவர் தோளைக் கிழித்துக்கொண்டு போனது. மறுபடி ஓங்கினான். அவர் அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்துத் தள்ள, இருவரும் கரிமேட்டில் புரண்டார்கள். காய்ந்தவன் பலம் மனிதப் பலமில்லை. அவர் காதைக் கடித்தான். கட்டைவிரலை அவர் கண்ணுக்குள் குத்தப் பார்த்தான். "நான் நல்லாத்தான் இருக்கேன்! விடுறா!" என்று ஊளையிட்டான். கட்டிப்பிடித்திருந்த உடம்பு அடுப்பு போலக் கொதித்தது.

"டேய், நான் மாமாடா! உங்க அக்காவுக்கு நான் என்னடா பதில் சொல்லுவேன்!"

ஒருவழியாக அவன் அக்குளில் கையைக் கொடுத்து வழியை நோக்கி இழுத்தார். மேஸ்திரி குறுக்கே வந்து நின்றார்.

"ஆளைக் கீழ விடு."

"செத்துடுவான்யா!"

கடப்பாரை அவர் நல்ல முட்டியில் இறங்கியது. எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. ஐஸ்காரர் விழுந்தார். இரண்டாவது அடி முதுகில். வாய் நிறைய ரத்தமும் கரித்தூளும். மச்சான் பக்கத்தில் கிடந்து கால்களை உதறிக்கொண்டிருந்தான். அவன் பல்வரிசை தந்தி அடித்தது. வலிப்பு வந்துவிட்டது. இனி அதிக நேரம் இல்லை. ஐஸ் பெட்டி கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது.

கூப்பிடுவதற்கு யார் இருக்கிறார்கள்?

அவருக்குத் தெரிந்தது. தெரிந்தேதான் கூப்பிட்டார்.

"ஜோடி! காய்ஞ்சுட்டான்! வாடா!"

விளக்குகள் மங்கின.

சர்ர்ர்.

இடப்பக்கத்திலிருந்து. பிறகு நடுவிலிருந்து. பிறகு தலைக்கு மேலேயே. கூரையிலிருந்து கரித்தூள் அவர் முகத்தில் உதிர்ந்தது. அடைத்துவைத்த சந்தின் வாடை, வெந்த தோலின் வாடை. இருட்டைவிடக் கறுப்பாக ஏதோ ஒன்று கூனிக் குனிந்து அவரைக் கடந்து மச்சான்மேல் கவிந்தது.

நாக்கைச் சப்புக்கொட்டும் ஓசை. ருசி பார்ப்பவன் செய்வது மாதிரி.

"உப்பு இல்ல."

மச்சானின் ஒரு கை தானாகவே மேலே உயர்ந்தது. உடம்பு அந்தக் கையின் பின்னால் சரசரவென்று தரையில் இழுபட்டுப் போனது. பாறை முனையில் மாட்டியபோதும் இழுத்த பிடி தளரவில்லை. எலும்பு படீரென்று உடைந்தது, மச்சான் அலறினான், இழுப்பு நிற்கவில்லை. தூரத்தில் குளிர் அறையின் இரும்புக் கதவு சுவரில் மோதியது. ஐஸ் கொட்டுகிற சத்தம் கலகலவென்று கேட்டது.

பிறகு, சர்ர்ர். திரும்பி வந்துகொண்டிருந்தது.

மேஸ்திரி கடப்பாரையை இருட்டில் சுழற்றினார். அது எதன்மேலும் படவில்லை. திடீரென்று அவர் முகம் தரையில் அறைந்தது. மிச்சமிருந்த பற்களும் போயிருக்க வேண்டும். அவர் கழுத்துக்குப் பின்னால் அதே சப்புக்கொட்டும் ஓசை.

"உப்பு இல்ல."

"இருக்கு! எனக்கு வேர்க்குது! நான் நல்லாத்தான் இருக்கேன்!" மேஸ்திரி ரத்தத்தோடு துப்பினார். கணுக்காலைப் பிடித்து ஏதோ அவரை இடப்பக்கமாக இழுத்தது. பத்து விரலாலும் தரையைப் பிராண்டிக்கொண்டே போனார். போகிற வழியில் ஐஸ்காரரின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, நீ சொல்லுய்யா. நீதான் அவன் ஜோடி. நீ சொன்னாக் கேப்பான். தொட்டுப் பாரு! இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லு!"

இழுப்பு நின்றது. காத்திருந்தது.

ஐஸ்காரர் கையை நீட்டி மேஸ்திரியின் பின்கழுத்தைத் தொட்டார். விரலை நாக்கில் வைத்தார்.

உப்பு. நாக்கைச் சுண்டுகிற அளவுக்கு உப்பு. பயத்தில் அந்த ஆளுக்கு மழையாக ஊற்றிக்கொண்டிருந்தது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். நொறுங்கிய முட்டி விண்விண்ணென்று தெறித்தது. மச்சானின் தலையில் ஊற்றிய அந்த ஒரு வாளித் தண்ணீர் நினைவுக்கு வந்தது. மனைவியின் தலையில் வைத்த கை நினைவுக்கு வந்தது.

வாயை மூடிக்கொண்டார்.

சட்டை கிழிந்தது. மேஸ்திரி போனார்.

விளக்குகள் பிரகாசமானபோது பலகைகள் அப்படியே இருந்தன. ஆணிகள் அதே துருவோடு இருந்தன, ஒன்றுகூட அசையவில்லை. பலகைக்கு உள்ளிருந்து இடி விழுந்தது. தடதடவென்று இரண்டு கையாலும் இடிக்கிற இடி.

"தொறங்கடா! நான் நல்லாத்தான் இருக்கேன்! டேய்!"

ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் சுத்தியலைக் கையில் எடுத்து, கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுக் கீழே போட்டான்.

"காய்ஞ்சவன் பேச்சைக் கேக்கக் கூடாது" என்று யாரோ ஒருவன் சொன்னான்.

பம்ப்காரர் போய் மோட்டாரை வேகமாக ஓடவிட்டார்.

மச்சான் பிழைத்தான். ஐஸ் நிரம்பிய பெட்டிக்குள் கழுத்துவரை திணித்து வைக்கப்பட்டிருந்தான். அவன் உடைந்த கையில், நீண்ட விரல்கள் பதிந்த மாதிரி கொப்புளங்கள். மறுநாள் பலகையை உடைத்து மேஸ்திரியை எடுத்தார்கள். தூக்கியவர்கள் கையில் துணி சுற்றிக்கொண்டு தூக்கினார்கள். வெளியிலிருந்து ஆணி அடித்த சந்துக்குள் அந்த ஆள் எப்படிப் போனார் என்று வந்த அதிகாரிகள் எல்லோரையும் கேட்டார்கள். தெரியாது என்றார்கள். அது பொய்யும் இல்லை.

ஐஸ்காரருக்கு முட்டியில் கம்பி வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இனிச் சுரங்கம் இல்லை. மனைவி அவர் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டீங்க" என்று அழுதாள். கையொடிந்த தம்பியும் கால் ஒடிந்த புருஷனுமாக வீடு ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஆனது. அவளுக்கு அதிலும் சந்தோஷம்தான்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் பகலில், பின்கட்டுச் சாக்கடைக் குழாய்க்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது.

"உப்பு?"

"இருக்கு" என்றார் உடனே.

அதன்பிறகு தினமும் வந்தது. சாப்பிடும்போது, தூங்கும்போது, கழிப்பறையில் இருக்கும்போது. அவர் தவறாமல் பதில் சொன்னார். இரண்டு சட்டை போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தார். ஃபேனை நிறுத்தச் சொன்னார். பின்கழுத்தைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, குளிப்பதை நிறுத்தினார்.

முதலில் மனைவி கெஞ்சினாள். பிறகு திட்டினாள். "பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்திக்கறா. மானம் போகுது. ஒரு சொம்புத் தண்ணி ஊத்திக்கிட்டா உயிரா போயிடும்?"

"போயிடும்" என்றார் அவர்.

அவள் தலையில் அடித்துக்கொண்டு தம்பியைப் பார்த்தாள். தம்பி கண்ணடித்தான்.

அன்று நல்ல வெயில். ஐஸ்காரர் பின்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து வியர்வை வடிந்தது. கண்ணை மூடிக்கொண்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாக இருந்தது.

தலையில் ஒரு வாளித் தண்ணீர் கொட்டியது.

"அக்கா உத்தரவு மாமா! அடிச்சு இழுத்தாவது குளிக்க வைக்கணுமாம்!" மச்சான் ஒற்றைக் கையால் வாளியைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான். மனைவியும் சிரித்துக்கொண்டே அடுத்த வாளியைக் கவிழ்த்தாள். ஐஸ்காரர் எழப் பார்த்தார், கால் வரவில்லை. அவள் செல்லமாக அவர் பின்கழுத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். மூன்றாவது வாளியால் நுரையெல்லாம் போகக் கழுவிவிட்டாள்.

"இப்ப பாருங்க, மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க."

"உப்பு?"

மச்சானின் சிரிப்பு நின்றது. அவனுக்கும் கேட்டது.

ஐஸ்காரர் வாயைத் திறந்தார். குளிர்ந்த தண்ணீரில் தாடை கிடுகிடுவென்று ஆடியது. "இ... இ... இரு..."

சொல் குழறியது.

பின்கட்டுக் குளியலறையின் தகரக் கூரைக்கு அடியில், சர்ர்ர் என்று ஒரு சத்தம் வாசலை நோக்கி வந்தது.

"இவருக்கு உப்பு இருக்கு!" மச்சான் கத்தினான். "நான் சொல்றேன், இருக்கு!" ஆனால் அவன் ஜோடி இல்லையே. வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்து மாமாவின் சட்டைக் காலரை இழுத்துப் பின்கழுத்தைப் பார்த்தான்.

கழுத்தெல்லாம் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. நடுவில் ஓர் இடத்தில் மட்டும், ஒரு விரல் அகலத்துக்கு, தண்ணீர் மெதுவாகக் காய்ந்துகொண்டிருந்தது.

"நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றார் ஐஸ்காரர்.

அவர் தலைக்குப் பின்னால் யாரோ நாக்கைச் சப்புக்கொட்டினார்கள்.